அழுகல் பார்க்க வந்தவர்

நீல நிற மழைக்கோட்டு. கொரோனா வந்த பங்குனியில், ஒரு துளி மழையில்லாத உரும்பிராய் வெயிலில், அதைப் போட்டுக்கொண்டுதான் நான் கக்கூசுக்கும் போனேன். ஊரில் நான் பகிடிக்காரன்; செத்தவீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைப்பேன். அந்த நோய்க்கு மட்டும் பகிடி விளங்கவில்லை. ஆவி பிடித்து மூக்கு நுனியை அவித்துக்கொண்டேன். அறைக்குள் பூட்டிக்கொண்டு மனைவியோடு யன்னலால் கதைத்தேன். "செத்தால் உள்ளுக்கையே சாவன்" என்றபோது, "சாகிறதெண்டால் அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டுச் சாவுங்கோ, ஆர் தோய்க்கிறது?" என்றாள்.

இந்தப் பயத்தில் தோட்டத்தை யார் பார்த்தது? ஊரடங்கில் மரக்கறி ஏற்றும் தம்புள்ளைச் சந்தை லொறி வரவில்லை. வெட்ட நின்ற முட்டைக்கோவா நின்ற இடத்திலேயே இலைக்குள் இலையாக அழுகியது. வரம்புக்கு அந்தப் பக்கம் அண்ணையின் கோவாவுக்கும் அதே கதி. அண்ணை என்றால் கூடப்பிறந்தவரல்ல, பக்கத்துத் தோட்டக்காரர். மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து, கனடாவில் இருக்கும் ஒருவரின் காணியைக் குத்தகைக்குச் செய்தவர். அந்தப் போகம் கைவிட்டால் காணியும் கைவிட்டுப் போகும். அப்போதுதான், தோட்டக்காரருக்கு அரசாங்க நிவாரணம் வருகிறது, விவசாயப் போதனாசிரியர் வந்து அழிவைப் பார்ப்பார் என்று எங்கள் கிராம அதிகாரி விதானையார் சொல்லியனுப்பினார்.

அண்ணை என்ன செய்தார்? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முற்றம் கூட்டுவதுபோலத் தோட்டத்தைக் கூட்டினார். நல்ல கோவாவை அயலுக்குக் கொடுத்தார். அழுகியதையெல்லாம் வெட்டி மண்ணுக்குள் தாட்டு, மண்ணைக் கொத்தி, வரம்பு கட்டினார். நான் யன்னலால் கத்தினேன்: "அண்ணை, மாப்பிளை வீட்டாரோ வருகினம்?"

"டேய், ஒரு மனிசன் பாக்க வரேக்கை நாத்தத்தையே காட்டுறது? உனக்குத்தான் வெக்கமில்லை."

போதனாசிரியர் ஒரு மாதம் கழித்து இரண்டு முகக்கவசம் போட்டு வந்தார். என் வரம்பில் கால் வைத்ததும் மூன்றாவதைத் தேடினார். "உங்களுக்கு முழு அழிவு" என்று தூரத்தில் நின்றே எழுதிக்கொண்டார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி, "வடிவான தோட்டம். இதிலை அழிவு ஒண்டும் இல்லையே?" என்றார்.

"தாட்டுப்போட்டன் ஐயா. கிண்டிக் காட்டட்டே?"

அண்ணை மண்வெட்டியை எடுத்துக் கிண்டினார். ஓரிடம், இன்னோரிடம், வியர்க்க வியர்க்க. வந்ததெல்லாம் உக்கி உரமாகிப்போன கறுத்த மண். போதனாசிரியர் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்து மெச்சினார்: "நல்ல பசளை. ஆனா பசளைக்கு நட்டஈடு இல்லை, அண்ணை."

நான் மழைக்கோட்டுக்குள் நின்று சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பென்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது அவ்வளவு பயமாகவும் இருக்கவில்லை. சோம்பலையும் நடுக்கத்தையும் பார்த்து அரசாங்கம் காசு கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். குத்தகை கட்ட முடியாமல் அண்ணை விட்ட காணியை அந்தக் காசில் நானே எடுத்தேன். அவர் தாட்ட கோவாவில் என் வெங்காயம் கொழுத்து விளைந்தது. இப்போது அவர் அதே காணியில் என்னிடம் நாட்கூலிக்கு வருகிறார். நேரத்துக்கு வருவார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

போன மாரியில் வெள்ளம் நின்று வெங்காயம் முழுக்க அழுகியது. நிவாரணத்துக்குப் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் பழைய நடுக்கம் வந்துவிட்டது. அழுகலைப் பார்க்கச் சகிக்காமல், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மண்வெட்டியை எடுத்தேன். அண்ணை வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார்.

"உதிலை கை வையாதை. ஐயா வருமட்டும் வடிவா அழுகட்டும்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை வரம்பில் சாய்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அழுகலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.