பின்னால் போன டேங்க்

பெட்ரோல் பங்க்கில் மகள் மூக்கைப் பொத்துகிறாள். நான் கார்க் கண்ணாடியை இறக்கி, அந்த வாடையை ஆழமாக இழுக்கிறேன்.

அறுபதுகளில் அப்பா ஒரு பழைய பிக்கப்பில் பனியன் துணி ஏற்றிக்கொண்டிருந்தார். டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் எங்கள் உடுப்பெல்லாம் பெட்ரோல் வாடை. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு விருந்தில், பந்தியில் உட்கார்ந்த அம்மாவை அவள் அக்காவே எழுப்பினாள்.

"பெட்ரோல் நாத்தம் கொடலப் பொரட்டுது அம்மிணி. அக்கட்டால போயி உக்காரு."

அம்மா சாப்பிடாமல் திரும்பினாள். "டேங்க்கப் பின்னால மாத்துங்க. அதுவரைக்கும் நான் வண்டி ஏற மாட்டனுங்க" என்றாள் அப்பாவிடம். பட்டறையில் அதைப் சரக்கு ஏற்றும் பின்பக்கப் பலகைக்கு அடியில் பொருத்தினார்கள். மூடி மட்டும் பலகைக்கு மேலே தெரிந்தது.

அடுத்த முகூர்த்தத்தன்று பொங்கலூர் சாலையில் பெரியம்மாவின் கார் பழுதாகி நின்றது. பட்டுச்சேலையோடு எங்களுக்குக் கைகாட்டினாள்.

"முன்னால எடமில்லீங்கக்கா, பின்னால ஏறிக்கிங்க" என்று அம்மா இறங்கிப் போனாள். ஏற்றிவிடும் சாக்கில் அவள் டேங்க் மூடியைத் தளர்த்தியதை நான் மட்டும் பார்த்தேன்.

மண்டபத்தில் பெரியம்மா பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, அக்கட்டால போயி உக்கார்றீங்களா?"

அன்று அம்மா இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"கண்ணாடிய ஏத்துங்கம்மா" என்கிறாள் மகள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.