எஸ்தர் மிஸ் கழற்றிப்போட்ட தாழ்ப்பாள்

எஸ்தர் மிஸ் போய்விட்டார்.

காலையில் தண்டையார்பேட்டையில் இருந்து அவருடைய தங்கை போன் செய்தார். "அக்கா பூட்டாங்க பிரியா..." நுரையீரல் கோளாறு, மழைக்காலத்தில் இருந்தே இழுத்துக்கொண்டிருந்தது.

போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் சென்டர் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ். "எஸ்தர் மேடம் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். நாளை வகுப்புகள் வழக்கம்போல் புதிய சார் பொறுப்பில் நடைபெறும்."

ஒரே மெசேஜில் இரண்டும். எனக்கு அழுகைகூட வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் மகள் யாழினிக்கு ஆட்டிசம், பேச்சு வராது. திருவொற்றியூரில் ஒரு மாடியில் நடக்கும் சிறப்புக் குழந்தைகள் சென்டருக்கு எர்ணாவூரில் இருந்து ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போவேன். அங்கே எழுதப் படிக்கச் சொல்லித்தந்தவர் எஸ்தர் மிஸ்.

சேர்க்கப் போன அன்று ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல டோஸ் விழுந்தது.

"என்னை இன்னாத்துக்குக் கும்பிடுற? நான் இன்னா படிச்சிருக்கேன்னு கேளு. புள்ளைய வுட்டுட்டுப் போவப்போற இல்ல? கேளும்மா!"

டீச்சரிடம் போய் எப்படிக் கேட்பது... அவரே ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தார். பி.ஏ. தமிழ் (பேசுவது மட்டும் சுத்த ராயபுரம்). சிறப்புக் கல்வியில் டிப்ளமோ, அப்புறம் அதிலேயே பி.எட். கடைசியாக, இந்த வேலை செய்ய அரசாங்கம் தரும் பதிவுக் கார்டு.

நான் எட்டாவதுதான். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்துவிட்டுத்தான் யாழினியின் கையைப் பிடித்தார். எல்லா அம்மாக்களுக்கும் இதே கதைதான்.

"சேவை மனசு மட்டும் போதும்னு எவனாச்சும் சொன்னா, புள்ளையத் தூக்கினு ஓடிடு." அன்றைக்கு அவர் சொன்னது. சிரித்தேன் நான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மிஸ் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களின் மனைவிகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாராம். அதில் ஒரு பெண், மூளை வளர்ச்சி குறைந்த மகளை ஜன்னல் கம்பியில் புடவையால் கட்டிவிட்டுப் படிக்க வருவாளாம். வேறு வழியில்லை அவளுக்கு. அந்த வீட்டைப் போய்ப் பார்த்த பிறகுதான் மிஸ் இந்தப் படிப்புக்கே போனார்.

சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக வகுப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிப்போட்டார். "பேசாத புள்ளைங்க கீற ரூமுக்கு இன்னாத்துக்குத் தாப்பா?" நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

யாழினிக்கு முதலில் சொல்லித்தந்த வார்த்தை "அம்மா" இல்லை. எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

"வேண்டாம்". பெரிய எழுத்தில் ஒரு அட்டை. அதை அவள் காட்டினால் எதுவாக இருந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், அதுதான் மிஸ்ஸின் சட்டம். ஒருநாள் பாடத்துக்கு நடுவே மிஸ்ஸிடமே நீட்டிவிட்டாள். மிஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, என்னையே வேணான்ட்டா!"

அவர் படுக்கையில் விழுந்ததும் புதிய சார் வந்தார். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் வந்தது. அம்மாக்கள் இருந்தால் பிள்ளைகள் டிஸ்டர்ப் ஆகிறார்களாம், கீழே ரோட்டில்தான் நிற்க வேண்டும். டிரெய்லர் லாரிகள் போகிற சத்தத்தில் மாடியில் யார் அழுதாலும் கேட்காது.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"படிப்புல என்ன இருக்கு மேடம்? சேவை மனசு வேணும். அது எனக்கு நிறைய இருக்கு."



போன வாரம் யாழினி அந்த அட்டையை யூனிஃபார்ம் மேல் வைத்தாள். செருப்பு மேல் வைத்தாள். ஷேர் ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு ஏற மாட்டேன் என்று நின்றாள். அதோடு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். நான் வீட்டில் தைக்கிறவள், என்னால் முடிந்தது. அதே சென்டருக்கு மகளை அனுப்பும் செல்வி அக்கா காசிமேட்டில் மீன் கழுவப் போகிறவர். "என் பொண்ண நான் இன்னா பண்றது பிரியா? வூட்ல வச்சிப் பூட்டினு போவவா?"

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிடம் யாழினி அட்டை வைத்ததைச் சொன்னேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கதவு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

இன்று குரூப்பில் எழுதினேன்: "புதிய சாரின் படிப்பு என்ன? பதிவுக் கார்டு இருந்தால் போடுங்கள்." எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். அதனால்தான் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன்.

மிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் அந்த சார். வெள்ளைச் சட்டை. வருகிறவர்களுக்கெல்லாம் சொந்தக்காரர் மாதிரி கும்பிடு போட்டுக்கொண்டு... யாழினியைப் பார்த்ததும் குனிந்தார். "நாளைக்கு சார்கிட்ட வந்துடணும், சரியா?"

அவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். செல்வி அக்காவின் பெண், இவ்வளவு நாளும் அங்கே போய்வந்துகொண்டிருந்தவள், நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

அக்கா கத்தவில்லை. மகளைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "நாளைக்கு நான் வேலைக்குப் போவல" என்றார். இன்னும் மூன்று அம்மாக்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம் நல்லடக்கம். நாளைக் காலை சென்டர் திறப்பதற்கு முன்பே அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம்.

நீங்க தூங்குங்க மிஸ். நாங்க முழிச்சினு கீறோம்.