நூலில் கப்பலேறிய பேரன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகிப் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு நான் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சேதி வந்தது. துரை லீவு கொடுத்துவிட்டார். பீடோரில் ரயிலேறிப் பிறை ஸ்டேஷன், அங்கிருந்து படகில் பினாங்கு, பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கால் தரையில் பாவவில்லை.

ஊருக்கு என்ன வாங்கிப் போக வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாசனை சவுக்காரம் என்றார் ஒருவர், குடை என்றார் இன்னொருவர். சீனன் கடையில் கிளிப் படம் போட்ட தகரப் பெட்டி ஒன்று வாங்கினோம். கப்பலேறுவதற்கு முன்னால் அம்மைப்பால் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குக் கை வீங்கியதோடு சரி. என் வீட்டுக்காரர் ஏதோ போருக்குப் போய் அடிபட்டவரைப்போல இரண்டு நாள் படுத்துக்கொண்டு கஞ்சி கேட்டார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு தோட்டங்களில் உண்டா என்று தெரியாது. யாராவது ஊருக்குப் புறப்பட்டால், இங்கே பிறந்த பிள்ளைகளை நிறுத்தி வைத்து, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் நூலால் அளந்து வெட்டுவார்கள். மஞ்சள் தடவி, தலைப்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு, அந்தப் பிள்ளையின் பழைய சட்டைத்துணியில் சுற்றிக் கொடுப்பார்கள். ஊரில் இருக்கும் தாத்தா, அப்பாயி எல்லாரும் பேரப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளத்தான். போட்டோ பிடிக்க ஈப்போவுக்குப் போக வேண்டும், அதெல்லாம் எங்களுக்கு ஆகிற காரியமில்லை. எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. கொண்டுபோவது ஒரு முழ நூல், அதற்குப் பத்திரம் சொல்வது ஆயிரம் தடவை.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவருடைய ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். திருவிழாவுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பிடித்தவரோடு கப்பலேறி வந்தவர். அன்றிலிருந்து, எனக்கு மகளே இல்லை என்று அந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். இங்கே அக்காவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டார்கள். மூன்றாவது பையன் தங்கினான். ஆனால் அவனும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவன். ஒன்றரை வயது தாண்டியும் உட்கார்ந்தபடியே நகர்வான், எழுந்து நிற்கவில்லை. பேரனின் உயரத்தைப் பார்த்தாலாவது அப்பா மனசு இறங்காதா என்று அக்காவுக்கு ஒரு நப்பாசை. நிற்காத பிள்ளையை எப்படி அளப்பது?

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் யோசித்துப் பேசும் பழக்கம் கிடையாது. "பாயில படுக்கப் போட்டு அளந்தா முடிஞ்சிச்சு. இதுக்குப் போயி ஏன்க்கா கவலப்படுறீங்க?" என்றார்.

அக்கா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "படுக்க வச்சி அளக்கறது குழிக்கு, தம்பி. எங்க வீட்டுல ரெண்டு தடவ அளந்துட்டாங்க."

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தி அளக்கலாம் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "நாம புடிச்சா காலு மடங்குது. அது அவன் ஒசரம் இல்ல. எங்கப்பாகிட்ட ஏற்கனவே ஒரு பொய் சொல்லிட்டு வந்தவ நான். இன்னொண்ணு வேணாம்லா."



புறப்படும் நாளுக்கு முந்தின சாயங்காலம். விடிந்தால் ரயில். சொல்லிக்கொள்ள லயமே எங்கள் வாசலில் கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் பையன் எங்கிருந்தோ நகர்ந்து வந்து, பெட்டியில் இருந்த கிளியைத் தட்டிப் பார்த்தான். மேலே எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கயிற்றைப் பற்றினான். பற்றியவன் அப்படியே எழுந்துவிட்டான்.

யாரோ ஏதோ சொல்ல வாயெடுக்க, அக்கா கையைக் காட்டி அடக்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் அது அசையாமல் இறுக்கிக்கொண்டார். பையன் ஒரு கையை எடுத்தான். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு மறு கையையும் எடுத்துவிட்டு, தன் காலில் தானே நின்றான்.

அக்காவின் மடியில் நூல்கண்டு எப்போதும் இருந்திருக்கிறது. எடுத்து என் கையில் வைத்தார். "நீயே அள, தங்கச்சி," என்றார். நான் மண்டியிட்டு, நூலின் நுனியை அவன் குதிகாலில் வைத்து, முதுகோடு ஏற்றி, உச்சந்தலையில் பிடித்து, பல்லால் கடித்து அறுத்தேன். அறுத்த கையோடு பையன் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தான். கண்பட்டுவிடும் என்று ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

கப்பலில் வாந்தி எடுத்தே நான் பாதியாகிவிட்டேன். ஆனாலும் அந்தத் துணிச்சுருட்டை மடியைவிட்டு எடுக்கவில்லை. தங்கை கல்யாணம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு நடந்தோம்.

அக்காவின் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். யார் சொல்லி வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நான் சுருட்டை நீட்டினேன். "உங்க பேரன் ஒசரம்ங்க. யாரும் புடிக்காம அவனா நின்னப்ப அளந்தது. அப்படி நிக்கிற வரைக்கும் உங்க மக அளக்க விடல," என்றேன்.

வெகு நேரம் வாங்கவில்லை. வாங்கினவர் துணியைப் பிரித்தார். நூலின் நுனியைத் தரையில் வைத்து, ஈரம் காயாத கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, முடிச்சைப் பிடித்து நேராக இழுத்தார். அது அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அப்படியே குனிந்து நின்றார். பிறகு மறு கையை விரித்து, முடிச்சுக்கு மேலே வெறும் காற்றைத் தடவினார், ஒரு பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரியே.

"அளந்து எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டார்.

மாசம் இரண்டு ஆகப்போகிறது என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப இன்னும் வளந்திருப்பான்," என்று சொல்லி, அந்தக் கையை ஒரு விரல்கடை மேலே உயர்த்தினார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது ஈப்போ பக்கம் புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். யார் வெளிநாடு புறப்பட்டாலும், என்ன கொடுத்துவிட்டாலும், இதெல்லாம் ஒரு சாமானா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.