முத்திரை இல்லாத பலகை

வெண்ணந்தூர் பக்கத்தில், மரப் பேலட்டுகளைச் சூடுபடுத்தும் யூனிட் ஒன்றில் நான் சூப்பர்வைசராக இருக்கிறேன். கப்பலில் போகும் சரக்குக்கு அடியில் வைக்கிற மரச் சட்டம்தான் பேலட். மரத்துக்குள் இருக்கும் பூச்சி நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காக அவற்றைப் பெரிய இரும்பு அறைக்குள் அடுக்கிச் சூடேற்றுவோம். மரத்தின் நடுப்பகுதி வரை ஐம்பத்தாறு டிகிரி ஏறி, அரை மணி நேரம் குறையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் கோதுமைக் கதிர் போட்ட முத்திரையைக் குத்துவோம். அஸ்தம்பட்டியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் என் தலைமுடியில் வெந்த மரத்தின் வாசனை இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் பேலட் வாங்க வந்தார்கள். விசைத்தறியில் துண்டு நெய்கிறவர்கள். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு நெய்து கொடுத்தவர்கள், முதன்முறையாகத் தங்கள் பெயரிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பேச்செல்லாம் அந்த அக்காதான். அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடல்ல ரொம்ப ஆடுமுங்களா அம்மிணி?”

“ஆடுங்கண்ணா. கட்டு இறுக்கமா இருந்தா ஒண்ணும் ஆகாது.”

முத்திரை இல்லாத மரம் ஒரு துண்டுகூட கன்டெய்னருக்குள் போகக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். தலையாட்டினார். அண்ணன் அப்போது வெளியே வேனில் பேலட் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கன்டெய்னர் கிளம்பிய மறுநாள் அக்கா ஒரு தூக்குப்போசி நிறையப் பொங்கல் கொண்டுவந்து யூனிட்டில் எல்லோருக்கும் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் இருவரும் மறுபடி வந்தார்கள். அக்கா போனை நீட்டினார். சரக்கு போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் எடுத்த படம். துண்டுக் கட்டுகளுக்கும் கன்டெய்னர் சுவருக்கும் நடுவில் ஒரு பலகை. அதில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள், கீழே மாவு கொட்டியதுபோல மரத்தூள். அங்கே அதிகாரிகள் பூச்சியைப் பார்த்துவிட்டார்கள். மொத்தச் சரக்கையும் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

“இது உங்க மரமுங்களா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரை இல்லை. பழைய மாம்பலகை.

“எங்களுது இல்லீங்கக்கா.”

“நாந்தானுங்க வெச்சேன்” என்றார் அண்ணன்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

“ஓரத்துல சந்து இருந்துச்சு. கப்பல் ஆடுனா கட்டு சரிஞ்சுருமேன்னு, தறி ஊட்டுல கெடந்த பலகைய அறுத்து முட்டுக் குடுத்தேன். நல்ல கெட்டிப் பலகைங்க.”

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம், “அந்த ஒரு பலகைய மட்டும் எடுத்துப் போட்டுட்டு மத்ததை உள்ள உடச் சொல்லுங்க. நீங்க பேசுனா கேப்பாங்க” என்றார்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சரக்கைக் கப்பலேற்றிவிட்ட தூத்துக்குடி ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, அவர்கள் இருவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். “அங்க பிரிக்க விடமாட்டாங்க மேடம். ஒண்ணு அழிக்கணும், இல்ல திருப்பி எடுக்கணும்” என்றார் அவர். எங்கள் முதலாளி தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

“நான் வேணா போயி எடுத்துப் போட்டுட்டு வாரேனுங்க” என்றார் அண்ணன். அவர் பாஸ்போர்ட்டையே பார்த்திராதவர். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எழுந்துபோய் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது அவர்களுக்காக மண்டியிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. சரக்கு அதற்குள் திரும்பக் கப்பலேறிவிட்டிருந்தது.

கன்டெய்னர் வந்து சேர்ந்தபோது என்னையும் குடோனுக்குக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால், கட்டுகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. அத்தனை கடல் தாண்டிப் போய்த் திரும்பியும் ஒரு கட்டுகூடச் சரியவில்லை. அண்ணன் அதைப் பார்த்தபடியே நின்றார். துண்டுகளின் ஓரத்தில், அவற்றை வாங்கவிருந்த வெளிநாட்டுக் கடையின் பெயரை நெய்திருந்தார்கள். உள்ளூரில் யாருக்கும் வேண்டாத பெயர். ஈரோட்டு வியாபாரி ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்துப்போனார். அண்ணன் பலகையைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார். அது எரிந்து முடிய நேரமாயிற்று.

அடுத்த ஆர்டர் கிடைக்க ஒரு வருஷம் ஆனது. சின்ன ஆர்டர். பேலட் எங்களிடம்தான். லோடு ஏற்றும் நாளில் நானே போய் ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக் கொடுத்தேன். அக்கா ஆட்களோடு சேர்ந்து துண்டுக் கட்டுகளைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார். அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“ஏனுங்க, இதைக் கொஞ்சம் வந்து புடிங்க.”

“நான் தொடலை. நீயே பாத்துக்க.”

அக்கா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். “தறி ஓட்டறாரு, சாப்புடறாரு. ஆனா எதையும் கையில எடுத்து இது செரின்னு சொல்றதில்லீங்க. நான் ஒரு வார்த்தை குத்தமாச் சொன்னதில்லை. சொல்லியிருந்தா செரியாயிருப்பாரோ என்னமோ.”

ரோட்டைத் தாண்டிப்போய் அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் மரத்தைப் பற்றியதாகவே இருந்தது. கன்டெய்னர் கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள். லாரி நகர்ந்ததும் அவர் அதற்கு வழிவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.