நாற்பத்திரண்டு வயது சிக்ஸருக்கு இரண்டு வருட கான்ட்ராக்ட்

பந்தைத் தொடாமலே முதுகுவலி வரக்கூடிய வேலை ஒன்று உண்டென்றால், அது கிரிக்கெட் டீம் மேனேஜர் வேலைதான். எனக்கு அது உபரி உத்தியோகம். துபாய் அல் குசைஸில் ஏ.சி. உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கம்பெனியின் டென்னிஸ் பந்து டீமுக்கு மேனேஜர். டீ ஷர்ட்டுக்கு அளவெடுப்பது, டியூட்டியில் இருப்பவனை மேட்சுக்காக விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுவது, நம் ஆள் திட்டியதற்கு அம்பயரிடம் நான் மன்னிப்புக் கேட்பது, எல்லாம் என் பொறுப்பு. உங்களில் யாராவது ஆபீஸ் டீமைக் கட்டி மேய்த்திருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் எனக்கு வந்த சோதனையை மட்டும் சொல்கிறேன்.

வாரண்டி

எங்கள் டீமின் நட்சத்திரம் செல்வராஜ். அறந்தாங்கிப் பக்கத்து ஆள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்டோரில் ஹெல்பராக வந்தவர், மூன்றாவது வாரமே ஒரு சிக்ஸர் அடித்து, மைதானத்துக்கு வெளியே நின்றிருந்த முதலாளியின் கார் கண்ணாடியை உடைத்தார். வேறு யாராவது உடைத்திருந்தால் அன்றோடு கலாஸ், வேலை போயிருக்கும். முதலாளி ஹாஜியார் ராமநாதபுரம் கடற்கரைக்காரர், கிரிக்கெட் என்றால் உயிரை விடுபவர். இறங்கி வந்து உடைந்த கண்ணாடியைப் பார்க்காமல் அடித்த ஆளைப் பார்த்தார். அன்றிலிருந்து ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் பாதி செல்வராஜ் கொண்டுவந்ததுதான்.

இப்போது அவருக்கு முடி நரைத்துவிட்டது. கான்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஷார்ஜாவில் டயர் விற்கும் ஒரு கம்பெனி அவரை அழைத்தது. ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை, அறைவாசம் போய்த் தனி வீடு, ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் கூட்டிவர ஃபேமிலி விசா. எங்கள் கம்பெனியில் படித்துவிட்டுப் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கே அது சுலபத்தில் கிடைக்காது. செல்வராஜ் ஒளிக்காமல் வந்து சொன்னார். "நீங்களும் அதைக் கொடுத்தா நான் எங்கயும் போகலண்ணே" என்றார்.

நான் ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் சொன்னது இது: "கொடுப்போம் தம்பி, ஆனா ஆளு இன்னும் எத்தனை சீசன் ஓடுவான்னு விசாரிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க. ஒரு கம்ப்ரஸர் வாங்குனாலே வாரண்டி கேக்குறோமா இல்லையா?"

எந்த வயசு?

விசாரணையை வயதிலிருந்து ஆரம்பித்தேன். பாஸ்போர்ட்படி நாற்பத்திரண்டு. ஆனால் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஆள் ஒருவர் துபாய் கராமாப் பகுதியில் ஹோட்டல் சமையல்காரராக இருக்கிறார். அவருக்கு நாற்பத்தைந்து. "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல ஒரே பெஞ்சு" என்று அவர் சத்தியம் செய்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு எப்படி மூன்று வயது வித்தியாசம் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எச்.ஆர். புத்தி அப்படி.

செல்வராஜிடமே கேட்டேன். பள்ளியில் சேர்க்கப் போன அன்று அப்பாவுக்குப் பிறந்த தேதி ஞாபகம் வரவில்லையாம், தலைமை ஆசிரியர் தானே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டாராம். அது முன்னேயா பின்னேயா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னைக் கேட்டார்: "உங்களுக்கு எந்த வயசுண்ணே வேணும், விசாவுக்கா, வெளையாட்டுக்கா?"

மூட்டு சொன்ன சாட்சி

வயது கைகொடுக்கவில்லை என்றால் உடம்பைக் கேட்கலாம் என்று கராமாவில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். திருச்சூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வலது முழங்காலை ஸ்கேன் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர், செல்வராஜை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். மூட்டு ஜவ்வு ஏறக்குறைய தேய்ந்தே போயிருக்கிறது, இவர் மாடிப்படி ஏறுவதே கஷ்டம் என்றார்.

"போன ஞாயிறு முப்பத்தெட்டு ரன் எடுத்தாரே டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. என் போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். ஒருதடவை பார்த்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை ஸ்கேன் படத்தையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கால் ஓடாது, அது நான் எழுதித் தரலாம். ஆனா இந்த ஆள் ஓடுறார், அதை யார் எழுதித் தருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

எதிர் டீம்காரர்

நம் ஆளைப் பற்றி நம் டீமில் கேட்டால் அன்பில் சொல்வார்கள், இல்லை பொறாமையில் சொல்வார்கள். அதனால் எதிர் டீமில் கேட்டேன். லாகூர்க்காரர் இம்தியாஸ் பாய், ஒரு பெயின்ட் கம்பெனி டீமின் கேப்டன். எட்டு வருஷமாக செல்வராஜுக்கு எதிராக ஆடுபவர். மேட்ச் முடிந்து மணலில் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம், எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். பழைய வேகம் போய்விட்டது, யார்க்கர் போட்டால் இப்போதெல்லாம் குனியவே முடியவில்லை, பாதி மேட்சில் ஐந்து ரன்னைத் தாண்டுவதில்லை என்று வரிசையாகச் சொன்னார். நான் மனதுக்குள் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். ஸ்டம்புகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்து சொன்னார்: "ஆனா பாய், செல்வா இறங்கினதும் என் ஃபீல்டருங்க நாலு பேர் நான் சொல்லாமலே பவுண்டரிக்குப் போயிடறாங்க, அதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

திங்கட்கிழமை

எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் நாற்காலி ஒன்றுதான். அதற்கு ஏற்கனவே முறைப்படி வரிசையில் நின்றவன் இசக்கிமுத்து, அம்பாசமுத்திரம். ஒன்பது வருஷமாக ஸ்டோரைத் தாங்குகிறவன். எந்த வால்வு எந்த ராக்கில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவான். டீமிலும் இருக்கிறான், நல்ல பவுலர். ஆனால் இறுக்கிப் பந்து போட்டு ஜெயித்துக் கொடுக்கிறவனை யாரும் தோளில் தூக்குவதில்லை.

அவனுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தேன். டீ கிளாஸோடு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றான். அவனுக்கும் ஊரில் மனைவி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது, அதை அவன் சொல்லவில்லை. அவனுடைய ஃபைல் என் அலமாரியில்தான் இருக்கிறது, எனக்கே தெரியும். அந்த ஒரு வாரத்தில் நான் ஒழுங்காகத் தலைகுனிந்தது அப்போதுதான். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அவரு சிக்ஸ் அடிச்சா நானுந்தான் விசிலடிக்கேன் அண்ணாச்சி, ஆனா திங்கக்கிழமை கன்டெய்னர் வந்தா யாரு எறக்குவா?"

எழுதிக்கொடுங்க

வாரம் முடிந்தது. ஹாஜியாரிடம் போய் நான் கண்டதைச் சொன்னேன். வயது நிச்சயமில்லை, கால் நிச்சயமாக இல்லை, ரன் சில நாள் வரும். ஆனால் எதிரிகள் பயப்படுகிறார்கள். நாற்காலியை இசக்கிக்குக் கொடுங்கள், செல்வராஜை விற்பனைக் கவுன்ட்டரில் உட்கார வைத்து, ஃபேமிலி விசாவோடு இரண்டு வருஷம் கொடுங்கள் என்றேன். கவுன்ட்டருக்கு வரும் மெக்கானிக்குகள் பாதிப்பேர் அவரோடு கிரிக்கெட் பேசத்தான் வருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஹாஜியார் தலையாட்டிவிட்டு செல்வராஜைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் என்ற பெயர் இல்லை என்றதும் செல்வராஜ் முகம் வாடியது. ஷார்ஜாவில் அது இருக்கிறது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, "ஷார்ஜாக்காரவுக ஒண்ணு சொல்றாகண்ணே, ஆடுற வரைக்கும்தான் வேலையாம்" என்றார். அந்த ஒரு வாரமாக நாங்கள் அவருடைய வயதையும் காலையும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குடும்பத்தைக் கூட்டிவந்து, மகளைப் பள்ளியில் சேர்த்து, நாலாவது மேட்சில் கால் போனால் என்ன செய்வது? "நான் ஆடாட்டியும் ரெண்டு வருசம் கேன்சல் பண்ண மாட்டோம்னு எழுதித் தருவீங்களா? தந்தா பேரு என்னவா இருந்தாலும் எனக்குச் சரி."

நான் எத்தனையோ கான்ட்ராக்ட் அடித்திருக்கிறேன். ஆடாமல் இருப்பதற்கு உத்தரவாதம் கேட்ட ஆட்டக்காரரை அன்றுதான் பார்த்தேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எழுதிக்கொடுங்க தம்பி, ஆனா மத்த ஸ்டாஃப் யாரும் இதைப் படிச்சிடாமப் பாத்துக்கங்க."

ஏழு ரன்

சீசன் ஆரம்பித்தது. முதல் மேட்சில் செல்வராஜ் பதினெட்டு பந்தில் நாற்பத்தொன்று அடித்தார். ஹாஜியார் ஆபீஸ் முழுக்க பிரியாணி வாங்கிக்கொடுத்தார். அடுத்த இரண்டு மேட்சிலும் முட்டை. யாரும் எதுவும் வாங்கிக்கொடுக்கவில்லை. இதற்கிடையில் மனைவி தனமும் மகளும் வந்து இறங்கினார்கள். தனத்துக்குக் கணவரின் ஆட்டம் போனில் வரும் வீடியோவாக மட்டுமே தெரியும். ரூம் நண்பர்கள் சிக்ஸர்களை மட்டும்தான் வீடியோ எடுப்பார்கள், அவுட்டானதை எடுத்து யாரும் ஊருக்கு அனுப்புவதில்லை. அதனால் தனம் கணக்குப்படி அவர் ஒருநாளும் அவுட்டானவரே இல்லை.

அரையிறுதிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். ஷார்ஜா டயர்காரர்களே எதிரில். குடை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு உட்கார வைத்தேன். பன்னிரண்டு பந்தில் இருபத்திரண்டு ரன் வேண்டும் என்ற நிலையில் செல்வராஜ் இறங்கினார். நாலு ஃபீல்டர்கள் தாங்களாகவே பின்னால் போனார்கள். ஒரு ஃபோர் அடித்தார். இரண்டு பந்து வீணாயிற்று. இரண்டு ஒற்றை ரன். பிறகு ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன்னை முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பினார். டாக்டர் சொன்ன கால் அங்கே நின்றுவிட்டது. நடு பிட்ச்சில் ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரன் அவுட். இசக்கி கடைசிவரை மட்டையைச் சுழற்றியும் மூன்று ரன்னில் தோற்றோம்.

இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வர, செல்வராஜ் குடைக்குக் கீழே வந்து மகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் வருத்தமில்லை, மகள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு நிம்மதியோடு காலை நீட்டிக்கொண்டார். ஹாஜியார் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டி, "நாளைக்கு லீவு போட்டுட்டு, மறுநாள் கவுன்ட்டருக்கு வா" என்றார். நான் தனத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போனேன். அவர் ஸ்கோர் போர்டையும் வீங்கிய காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு என்னைக் கேட்டார்: "இம்புட்டுத்தானாண்ணே? இதுக்கா பதினாலு வருசமா இவுகளை ஊருக்கு அனுப்பாம வச்சிருந்தீக?"

வயதான ஸ்டாருக்குப் பெரிய கான்ட்ராக்ட் கொடுக்கலாமா என்று இப்போது எந்த மேனேஜர் வந்து கேட்டாலும், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவர் வீட்டம்மா வந்து இறங்குவதற்குள் சீசனை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்லியனுப்புகிறேன்.