சந்தனம் பூசிய கைத்துவக்குக்காக நெடுந்தீவு வரை

எழுபதுகளின் நடுவில், ஆயுத பூசை முடிந்த கிழமை, நெடுந்தீவுக்குப் போனேன். ஊர் பார்க்க இல்லை. நான் வேலணையில் தையல் மெசின் திருத்துகிறவன். என் பழைய வாடிக்கைக்காரி பரமேசு அக்கா அங்கிருந்து கடிதம் போட்டிருந்தார். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த அவருடைய புருசன் காலமாகிவிட்டார். அவர் பேரில் அனுமதி இருந்த கைத்துவக்கை, பழைய பிஸ்டலை, வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். அதுவோ இறுகிக் கிடந்தது. 'பழுது' என்று எழுத விடமாட்டேன், வேலை செய்கிற சாமானாகத்தான் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார்.

வெள்ளி காலை ஐந்தரை மணி பஸ். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏழு மணி வள்ளம். ஒரு மணித்தியால ஓட்டம், அன்று காற்றில் ஒன்றேகால். "அண்ணை, நடுவில இருங்கோ" என்றார் வள்ளக்காரர். இருந்தும் முழங்கால் வரை நனைந்தேன். மாற்று உடுப்பு இல்லாமல் போகாதீர்கள்.

துவக்கு ஜெர்மன்காரன் செய்தது. அதை வைக்கிற மர உறையைப் பிடியின் பின்னால் கொளுவினால் தோளில் வைத்துச் சுடும் காபைன், குட்டை ரைபிள், ஆகிவிடும். சுடும்போது பின்னுக்கு உதைக்கிற வேகத்திலேயே அடைப்பு என்கிற இரும்புத் துண்டு பின்னால் ஓடி, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதை வெளியே எறியும். திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டி நிற்கின்றன. திருகாணியைத் தேடித் தேடிக் களைத்தேன், பிடியில்தான் ஒன்று இருந்தது.

"கடைசியாக் கழட்டினது ஆர், அக்கா?"

"ஆர் கழட்டினது? வருசா வருசம் பூசையில வச்சு நல்லெண்ணெய் விட்டு, சந்தனம் பூசுவம்."

அடைப்பு ஓடுகிற தவாளிப்புப் பள்ளம் முழுக்கக் காய்ந்த சந்தனம். தோட்டா இல்லாத வெறுந்துவக்கு என்று அக்கா சொன்னாலும் நான் நம்பவில்லை. குழலை மதில் பக்கம் திருப்பி வைத்துத்தான் மண்ணெண்ணெய் விட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் அடைப்பு அசைந்தது. உள்ளிருந்து ஒரு தோட்டா துள்ளிக் கதிரைக்குக் கீழே உருண்டது.

அக்கா குனிந்து அதைப் பார்த்தார். "இதையோ நான் இவ்வளவு காலமும் கிட்ட நிண்டு கும்பிட்டனான்?"

மெசின் எண்ணெய் போட்டுத் துண்டுகளைத் திரும்பப் பூட்டினேன். எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் சொல்வார்கள். அன்று இருந்தது உண்மைதான்.

ஒன்றரை மணி வள்ளத்தில் அக்காவோடு திரும்பினேன். கடைசி வள்ளத்தை நம்பி நிற்காதீர்கள், காற்றென்றால் வராது. நான்கு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் மர உறையைக் கொளுவினார், அடைப்பை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். 'நல்ல நிலையில் உள்ளது' என்று படிவத்தில் எழுதினார். அக்கா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"திருத்தினவரின்ர பேரையும் போடுங்கோ."

"அதுக்கு இடமில்லை, அக்கா."

"ஓரத்தில இருக்குத்தானே."

சார்ஜன்ட் என்னைப் பார்த்துப் பேரைக் கேட்டார். ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.