பௌதி சொன்ன ‘ஜோர்’

என் கணவருக்கு மாற்றலாகி, திருச்சியிலிருந்து கொல்கத்தா பவானிபூருக்கு வந்த புதிது. சித்திரை மாதம். இரண்டாம் மாடி பால்கனியில் காய்ந்த வடாமை அள்ளிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மாளை, இங்கே அண்ணியை அழைப்பதுபோல ‘பௌதி’ என்போம். அவர் வாசலில் நின்று என் பால்கனியைக் காட்டி, “ஜோர்! ஜோர்!” என்று கத்தினார்.

வடாமைத்தான் மெச்சுகிறார் என்று பூரித்துப்போய், “ஆமா பௌதி, ஜோர்!” என்று நானும் கத்தினேன்.

அவ்வளவுதான்! வானம் கறுத்து, அடித்ததே பாருங்கள் ஒரு காற்று! கைப்பிடிச் சுவர் மேல் வைத்திருந்த துளசித்தொட்டி ஆடியது. நேர் கீழே, கரியாஹாட் சந்தையில் காய் வாங்கித் திரும்பிய என் கணவர்! நான் அலறுவதற்குள் பௌதி பாய்ந்து, அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். தொட்டி அவர் நின்ற இடத்தில் விழுந்து சிதறியது!

இறங்கி ஓடினேன். “ஜோர் மானே தூஃபான்!” என்று பௌதி தலையில் அடித்துக்கொண்டார். வங்காள மொழியில் ஜோர் என்றால் புயல்காற்றாம்!

இப்போது என் தொட்டிகளெல்லாம் தரையில்தான். வானம் கறுத்தாலே துணிமணியை எடுத்து, ஜன்னல்களைச் சாத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். “இன்னிக்கு ரசம் ஜோர்!” என்று இவர் சொன்னால்கூட, என் கை ஜன்னல் தாழ்ப்பாளைத்தான் தேடுகிறது!